ஐந்தாவது பாட்டு

மாவடு நன்றாக அமைந்துவிட்ட வருஷத்தில், பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் அனுப்பாமல் இருக்க யாருக்காவது முடிகிறதா? "ருசி பார்த்துச் சொல்லுங்கோ" என்று கொடுத்துவிட்டு, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதில்தான் மாவடுவின் பாதி ருசி இருக்கிறது. நல்ல பாட்டும் அப்படிப்பட்ட பண்டந்தான். தனியாகக் கேட்டால் பாதிச் சந்தோஷம். இன்னொருவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, "இந்த இடத்தைக் கவனி, இதோ வருகிறது பார்!" என்று சொல்லிக் கேட்டால்தான் முழுச் சந்தோஷம்.

ஆகையால், எனக்குப் பிடித்தமானவற்றை முதலில் உங்கள் முன் வைத்துவிடுகிறேன். மற்ற சங்கதிகளைப் பிறகு பேசலாம்.

முதலாவது, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. பழைய கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷந்தான் இடம். மணிக்கணக்கில் தோடியை வாசிக்கக்கூடிய மனிதரை அந்தச் சின்னத் தட்டுக்குள் அடைப்பது, காவேரியைச் செம்பில் மொண்டு வைப்பது மாதிரிதான். ஆனாலும் செம்பில் இருப்பதும் காவேரிதானே!

இரண்டாவது, எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் வேங்கடேச சுப்ரபாதம். 1963-ல் இசைத்தட்டாக வந்தது. அதன் ராயல்டி, திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்குச் சேரும்படி அவர் ஏற்பாடு செய்தார். காபி டிகாக்ஷன் இறங்குகிற வாசனையோடு அந்தக் குரலும் கலந்துதான் எத்தனையோ வீடுகளில் இன்றைக்கும் பொழுது விடிகிறது.

மூன்றாவது, 1953-ல் வெளிவந்த "ஔவையார்" படத்தில் கே. பி. சுந்தராம்பாள் பாடிய பாட்டுக்கள். அந்தக் குரல் கேட்கிறபோது அடுப்பில் பால் பொங்கினால்கூட, "பொங்கட்டும்" என்று இருந்துவிடத் தோன்றும்.

நான்காவது, நாகூர் ஹனீபா. மைக்கே வேண்டாத கம்பீரமான குரல். தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு அவர் எந்த மதத்தவர் என்பது ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. விபூதி இட்ட வீடுகளிலும் நாமம் போட்ட வீடுகளிலும் அவருடைய பாட்டுக்கள் தாராளமாக ஒலித்தன.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் சிறுமியாக இருந்த 1960-களில், கும்பகோணத்தில் எங்கள் தெருவில் ரேடியோ இருந்த வீடுகள் மூன்றே மூன்று. அதற்கு வருஷா வருஷம் தபாலாபீஸில் பணம் கட்டி லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். லைசென்ஸ் என்னவோ ஒருவர் பேரில். கேட்பவர்களோ தெரு முழுவதும்! திருச்சி வானொலியில் கச்சேரி ஆரம்பமானால், திண்ணையில் இருக்கும் தாத்தா தொடையில் தாளம் போடுவார். கறிகாய்க்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டு, பேரத்தை மறந்து நிற்பாள். எதிர்வீட்டு மருமகள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள்.

எந்த அடியில் அவள் கை நின்றது, எந்தச் சங்கதிக்குக் கண் கலங்கிற்று என்பது யாருக்குத் தெரியும்? மாமியாருக்குத் தெரியாது. ரேடியோ நிலையத்தாருக்கோ, அப்படி ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதே தெரியாது. கண்ணீர் வழிந்துவிட்டால், "மிளகாய் வறுத்தேனோல்லியோ, நெடி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இலங்கை வானொலியில் நேயர் விருப்பம் என்று ஒலிபரப்புவார்கள். பாட்டைக் கேட்டு எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் வரிசையாக வாசிப்பார்கள். தன் பெயர் காற்றில் வருகிறது என்றால் எவ்வளவு பெருமை! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஊரறியச் சொல்ல ஆசைப்பட்டவர்கள் தாமே தபால் கார்டு வாங்கி, தாமே விலாசம் எழுதி, தாமே தபால் பெட்டியில் போட்டார்கள். ஆசைப்படாதவர்கள் சும்மா இருந்து கேட்டார்கள். இருவருக்கும் ஒரே பாட்டுத்தான் கிடைத்தது.

அதற்குப் பிறகு யந்திரங்கள் மாறின. ஹாலந்து தேசத்து பிலிப்ஸ் கம்பெனியார் 1963-ல் காஸெட்டைக் கொண்டு வந்தார்கள். 1979-ல் ஜப்பானில் ஸோனி கம்பெனியார், இடுப்பில் மாட்டிக்கொண்டு காதில் வைத்துக் கேட்கும் வாக்மனை வெளியிட்டார்கள். தெருவுக்கெல்லாம் பொதுவாக இருந்த பாட்டு, ஒருவர் காதுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டது. என்றாலும், அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் இருந்தது: நாம் கேட்டதை அது யாரிடமும் போய்ச் சொல்லாது.

இப்போது கையில் செல்போன். உலகத்துச் சங்கீதம் அத்தனையும் அதற்குள். பழைய காலத்தில் ஒரு தட்டுக்காகக் கடைகடையாக அலைந்தவர்களுக்கு இது சொர்க்கம் என்பதில் சந்தேகமே இல்லை. நான் தினமும் அந்தச் சொர்க்கத்தை அனுபவிக்கிறேன். ஆனால் நிலைமை எப்படித் தலைகீழாகிவிட்டது, பாருங்கள்! அன்று பாட்டு பகிரங்கம்; கேட்பவள் மனசு அந்தரங்கம். இன்று பாட்டு அந்தரங்கம்; கேட்பவள் மனசு பகிரங்கம்.

இது எப்படி என்கிறீர்களா? பாட்டு உண்மையில் செல்போனுக்குள் குடியிருக்கவில்லை. எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து, நாம் கேட்கிற சமயத்தில் வந்து சேருகிறது. அனுப்புகிறவர் அனுப்பியதைக் குறித்துக்கொள்கிறார். 30 விநாடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு என்று அந்தத் தொழிலில் பெரிய கம்பெனி ஒன்று விதி வைத்திருக்கிறது. பாடினவருக்கும் பாட்டின் சொந்தக்காரருக்கும் பங்கு கொடுக்க அந்தக் கணக்கு வேண்டியதுதான். பால்காரர்கூடக் காலண்டரில் கோடு போடுகிறார், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பால்காரர், நீங்கள் அந்தப் பாலைக் காபிக்கு ஊற்றினீர்களா, பாயசம் வைத்தீர்களா, நடுராத்திரி எழுந்து குடித்தீர்களா என்று எழுதிவைப்பதில்லை. இதுவோ, எந்தப் பாட்டைப் பாதியில் தள்ளினோம், எதைத் திரும்பத் திரும்ப வைத்தோம், எத்தனை மணிக்கு வைத்தோம் எல்லாவற்றையும் எழுதுகிறது. எழுதியதை வைத்து, நாம் யார் என்று ஒரு தீர்மானத்துக்கும் வருகிறது.

அந்தத் தீர்மானங்கள் சில சமயம் வேடிக்கையாகவும் இருக்கும். ஒரு வாரம் காலைவேளையில் தொடர்ந்து நாகூர் ஹனீபாவைக் கேட்டேன். உடனே என் செல்போன், நோன்பு நேர அட்டவணை வேண்டுமா என்று பரிவோடு விசாரிக்க ஆரம்பித்தது. அடுத்த மாதம் மார்கழி பிறந்தது, திருப்பாவை வைத்தேன். அவ்வளவுதான், திவ்யதேச யாத்திரைக்கு பஸ் ஏறச் சொல்லிற்று! இரண்டே மாதத்தில் இரண்டு மதம் மாறிய பெருமை என்னைத் தவிர வேறு யாருக்கு உண்டு? ஒரே மனுஷிக்கு இரண்டும் பிடிக்கலாம் என்பது கும்பகோணத்துக் கறிகாய்க்காரிக்குத் தெரியும். அந்த யந்திரத்துக்குத்தான் தெரியவில்லை.

இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, என் அத்தை வீட்டில் நடந்த ஒரு விஷயம் சிரிப்பை அடக்கிவிட்டது.

அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. அத்திம்பேர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. பிள்ளை, மாட்டுப்பெண், பேரன் என்று நிறைந்த வீடு. யாரும் ஒரு குறை வைக்கவில்லை. அத்தையும் எப்போதும் சிரித்த முகம். பாட்டுக் கேட்கட்டும் என்று பிள்ளை அவள் செல்போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தான்.

டிசம்பர் கடைசியில், வருஷம் முழுவதும் யார் எதைக் கேட்டார்கள் என்று அந்த ஆப் கலர் கலராக ஒரு ஜாபிதா தயாரித்து அனுப்பிற்று. இரவு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, பேரன் பாட்டியின் செல்போனை எடுத்து உரக்க வாசித்தான். "பாட்டி! இந்த வருஷம் உன் நம்பர் ஒன் பாட்டு எது தெரியுமா? பழைய சினிமா டூயட்! 212 தடவை கேட்டிருக்கே! அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு, மூணு மணிக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். குழந்தை விகற்பமாக ஒன்றும் சொல்லவில்லை. அத்தையும் சிரித்தாள். "வயசானா தூக்கம் ஏதுடா?" என்று சொல்லிவிட்டு, தயிர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தயிர் இன்னும் ஒருவருக்கும் பரிமாறியாகவில்லை. அதைக் கவனித்த மாட்டுப்பெண்ணின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

பின்னால் ஒருநாள் என்னிடம் அத்தை சொன்னாள். "அவர் ஷேவ் பண்ணிக்கறச்சே எப்பவும் அந்தப் பாட்டைத்தான் முணுமுணுப்பார். பகல்லே நான் சிரிச்ச முகமா இருக்கணும்னா, ராத்திரி எனக்கு அது வேண்டியிருந்தது. இப்போ வைக்கவே கை வரலை. வெச்சா கணக்கு ஏறிடுமே!"

"போகட்டும் அத்தை, நீங்கள் மனசுக்குள் கஷ்டப்படுவது இப்போதாவது அவர்களுக்குத் தெரிந்ததே! நல்லதுதானே?" என்றேன்.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லணும்னு தோணியிருந்தா நானே சொல்லியிருப்பேனே!"

சகோதரிகளே, அந்தரங்கம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான வியாக்கியானம் எனக்குக் கிடைத்ததில்லை. மறைக்கவேண்டிய தப்புக் காரியம் செய்பவர்களுக்குத்தான் அந்தரங்கம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அத்தை என்ன தப்புச் செய்தாள்? தன் துக்கத்தை யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்று தீர்மானிக்கிற சுதந்திரம் அவளுடையது. அதைத்தான் அந்த ஜாபிதா எடுத்துக்கொண்டுவிட்டது.

ஒரு கிழவியின் பாட்டுக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். பெரிய இடங்களிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1987-ல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன், ராபர்ட் போர்க் என்பவரை அங்கே சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக நியமிக்க முன்வந்தார். அந்தச் சமயத்தில் வாஷிங்டன் பத்திரிகை ஒன்று, போர்க் குடும்பத்தார் வாடகைக்கு எடுத்துப் பார்த்த 146 வீடியோ படங்களின் பட்டியலைக் கடையிலிருந்து வாங்கிப் பிரசுரித்துவிட்டது. விரசமான படம் ஒன்றுகூட இல்லை.  இருந்தும், ஜனப் பிரதிநிதிகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்றைக்கு அவருடைய பட்டியல் என்றால் நாளைக்கு நம்முடையதல்லவா? போர்க்குக்கு வேறு காரணங்களால் பதவி கிடைக்கவில்லை. ஆனால் வீடியோ கடைக்காரர்கள் வாடிக்கைக்காரர்களின் பட்டியலை வெளியிடக் கூடாதென்று 1988-ல் சட்டமே வந்துவிட்டது.

பிரார்த்தனை கூடத் தப்பவில்லை. தொழுகை நேரத்தையும் மக்கா இருக்கும் திசையையும் காட்டும் "முஸ்லிம் புரோ" என்ற ஆப் ஒன்று உண்டு. உலகம் முழுவதும் 9 கோடிக்கு மேற்பட்ட தடவை அதை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதை வைத்திருந்தவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்ற விவரம், "எக்ஸ்-மோட்" என்ற தகவல் வியாபாரியிடம் போய், அங்கிருந்து கைமாறி அமெரிக்க ராணுவம் வரை போயிற்று என்று 2020 நவம்பரில் பத்திரிகைச் செய்தி வந்தது. அந்த வியாபாரியோடு வைத்திருந்த தொடர்பை நிறுத்திக்கொள்வதாக ஆப்காரர்கள் அறிவித்தார்கள். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த ஒரு தாயார், மறுநாள் தொழுகைக்குச் செல்போனைத் திறக்கும்போது என்ன நினைத்திருப்பாள்? ஆண்டவனை நோக்கித் திரும்புகிறவளின் முதுகுக்குப் பின்னால் ஒருவன் நின்று குறிப்பெடுக்கிறான் என்றால், மனசு எப்படி ஒருமைப்படும்?

நம் நாட்டிலும் இந்த விஷயம் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது. கர்நாடக ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே. எஸ். புட்டசாமி, எண்பது வயதைக் கடந்த பிறகு தொடுத்த வழக்கு அது. 2017 ஆகஸ்டு 24-ந் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக, அந்தரங்கம் என்பது ஜனங்களின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். ஒருவருடைய சம்மதத்தை முக்கியமாக வைத்து 2023-ல் பார்லிமெண்டும் ஒரு சட்டம் இயற்றிற்று. சம்மதம்! கல்யாணப் பத்திரிகையில் சுற்றம் நட்பு அத்தனை பேர்களையும் எழுத்துவிடாமல் படிக்கிற நாம், "சம்மதம்" என்ற பொத்தானை அமுக்குமுன் அதற்கு மேலே இருப்பதில் ஒரு வரியாவது படிக்கிறோமா?

கோர்ட்டும் சட்டமும் வருவதற்கு வெகுகாலம் முன்பே, நம் பெரியவர்கள் இந்த விஷயத்தை அறிந்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய புராணத்தில் வரும் பூசலார் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். கோயில் கட்டக் கையில் காசில்லாத அந்த ஏழை அந்தணர், திருநின்றவூரில் உட்கார்ந்து மனசுக்குள்ளேயே கல்லும் காரையும் சேர்த்து, நாள் பார்த்து, சிகரம் வரை எழுப்பினார். அதே சமயம் காஞ்சியில் பல்லவ ராஜா நிஜமான கற்கோயில் கட்டிக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்திருந்தான். சிவபெருமான் அவன் கனவில் வந்து, "நாளை நான் பூசலார் ஆலயத்துக்குப் போகிறேன், உன்னுடையதைத் தள்ளி வைத்துக்கொள்" என்றாராம்.

"பார்த்தீர்களா, பகவானே அந்தரங்கத்தை வெளியிட்டுவிட்டாரே!" என்று நீங்கள் மடக்கலாம். வெளியிட்டார், உண்மைதான். ஆனால் எதற்காக? பூசலாரிடம் செங்கல் வியாபாரம் பண்ணுவதற்கல்ல. ராஜாவைக் கொண்டுவந்து அந்த ஏழையின் காலில் விழவைப்பதற்காக. நம் உள்ளத்தைப் பார்க்கிறவனுக்கு நம்மேல் அன்பு இருந்தால், அவன் பார்வைக்குக் கருணை என்று பேர். அன்பு இல்லாத கண் பார்த்தால், அதற்கு வேவு என்று பேர்.

அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டி வைத்துக்கொள்ள வேண்டுமா? அதுவும் நம் வழி அல்ல. ஸ்ரீராமானுஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டுத் தடவை நடந்து, நம்பியிடம் ரகசியார்த்தம் பெற்றார். வெளியிட்டால் நரகம் என்று குரு எச்சரித்திருந்தும், கோயிலின் மேல் ஏறி ஜனங்களுக்கெல்லாம் அறிவித்தார் என்பது குருபரம்பரைக் கதை. "இத்தனை பேர் கரையேற, நான் ஒருவன் நரகம் போனால் என்ன?" என்பது அவருடைய எண்ணம். பகிர்ந்துகொள்வது என்றால் அதுதான். கொடுத்தவர் தாமாகக் கொடுத்தார். நஷ்டத்தையும் தம் கணக்கிலேயே எழுதிக்கொண்டார். இன்றைய தகவல் வியாபாரம் நேர் எதிர்: பகிர்கிறவர்கள் அவர்கள், லாபம் அவர்களுக்கு, நஷ்டம் மட்டும் நமக்கு.

செல்போனைக் கிணற்றில் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. போட்டால் முதலில் தேடி இறங்குகிறவள் நானாகத்தான் இருப்பேன். சில சின்னக் காரியங்கள் செய்யலாம். பாட்டு ஆப்களில் பலவற்றில், கேட்டதைக் காட்டாமல் தனியாகக் கேட்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் காட்டிக் கொடுப்பார்கள். யூடியூபில், பார்த்த கேட்ட கணக்கில் 3 மாதத்துக்கு மேல் பழையதானது தானாக அழிந்துபோகும்படி செய்யலாம். ரேடியோ இன்னும் இருக்கிறது. அதற்கு இன்றைக்கும் நம் பெயர் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டவன் கொடுத்த தொண்டை இருக்கிறது. விளக்கேற்றிவிட்டு நாமே இரண்டு வரி பாடினால், அதைக் கணக்கெடுக்கும் யந்திரத்தை யாரும் நம் வீட்டில் கொண்டுவந்து வைத்தாலொழிய, கவலை இல்லை. இன்னொன்று: பெண்ணின் டைரியைப் பிரித்துப் பார்க்காத தாயார், அவள் பாட்டு ஜாபிதாவையும் எட்டிப் பார்க்க வேண்டாம்.

அத்தையின் மாட்டுப்பெண் ஒரு காரியம் செய்தாள். பரணிலிருந்து அத்திம்பேரின் பழைய டேப்ரிக்கார்டரை இறக்கி, ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போய் ரிப்பேர் பண்ணி வந்தாள். அவருடைய காஸெட்டுக்களைத் துடைத்து, அத்தையின் கட்டிலருகே அடுக்கினாள். "எதற்கு?" என்று அத்தை கேட்கவில்லை, "இதற்கு" என்று அவளும் சொல்லவில்லை. அறைக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

இனி, அந்த ஐந்தாவது பாட்டு. அது ஒரு குரல், ஒரு விடியற்காலம், அதை முதன்முதலில் கேட்டபோது என் பக்கத்தில் இருந்தவர் ஒருவர். உங்களிடம் சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தேன். நான்கு பாட்டுக்களைக் கிண்ணத்தில் போட்டு அனுப்பியாயிற்று. ஐந்தாவது என்னிடமே இருக்கட்டும். உங்களிடமும் அப்படி ஒன்று இருக்குமே? எது என்று நான் கேட்கமாட்டேன்.